கல்லை எடுங்க

உலகநாதனைத் தேடி வருகிறவர்கள் முதலில் என் கடைக்குத்தான் வருகிறார்கள். சென்னையிலிருந்து வருவார்கள், பெங்களூரிலிருந்தும் வருவார்கள். முதுகில் கிட்டார்ப் பை, கையில் கேமரா. திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ‘ஜன்னத் சவுண்ட் சர்வீஸ்’ எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வெயிலில் வாடி வதங்கி வந்து நிற்பார்கள். அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பின்கட்டில் சீரியல் பல்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் வாய் நசுங்கிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று கிடக்கிறது. கூட்டிப்போய்க் காட்டுவேன். தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு பெண் கண்கலங்கியே விட்டாள். என் மனைவி ஜன்னத் பீவிக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அவள் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சாமான் அது.

பார்த்து முடித்ததும், அவர் ஏன் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாமல் என்ன? அவன் கடைசியாகப் பாடியது என் மைக்கில்தான். அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு. கோபத்தைவிட வருத்தம் ஜாஸ்தி. அந்த இரண்டையும் டீ குடித்துவிட்டு பஸ் ஏறப்போகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

உலகநாதனுக்குச் சொந்த ஊர் ஆலடிப்பிடாகை. எங்கள் ஊரிலிருந்து கடல் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஊர் ஊராகப் புகுந்து புறப்பட்டு, மிச்சம் மீதி இருந்தால் போனால் போகிறது என்று எட்டிப் பார்க்கிற கடைமடை. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பையன் நன்றாகப் படிக்கிறான் என்று ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். மாட்டு டாக்டராக வருவான் என்று ஊரே காத்திருந்தது. அவன் பாதிப் படிப்பில் கிட்டாரும் கையுமாக வந்து இறங்கினான். கூடவே டிரம்ஸ் அடிக்க ஒருவன், பேஸ் கிட்டாருக்கு ஒருவன் என்று ஹாஸ்டல் சிநேகிதர்கள் இரண்டு பேர். அப்பா அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா மட்டும் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டால் அவனைக் கூப்பிடுவாள்.

தங்கள் குழுவுக்கு ‘கடைமடை’ என்று பெயர் வைத்தார்கள். தஞ்சாவூரில் முதல் நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் ஒட்டியபோது, ஏதோ விவசாயிகள் சங்கத்துக் கூட்டம் என்று நினைத்து, வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனுவோடு நாலைந்து பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிவரை எழுந்திருக்காமல் கேட்டார்கள். மனுவை உலகநாதனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் அவனைப் பார்த்தது ஆலடிப்பிடாகை காளியம்மன் திருவிழாவில். ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து, அந்தக் காசில் மைக் செட் போட்டிருந்தேன். கச்சேரிக்கு அவன் கொண்டுவந்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் எங்கள் பக்கத்துக் கரண்டைத் தாங்காமல் புகைந்துபோனது. முகம் செத்துப்போய் என்னிடம் வந்து, கிட்டாரை உங்கள் செட்டிலேயே மாட்ட முடியுமா என்று கேட்டான். அது பேச்சுக்கும் பாட்டுக்கும் உள்ள மிஷின், இதற்கு ஆகாது என்றேன். கெஞ்சினான். சரி தொலையட்டும் என்று ஒரு ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தேன். அவன் கம்பியைத் தட்டியதும் தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய்கள் அத்தனையும் சளி பிடித்த எருமைபோல அலறின. எனக்கு மானம் போனது. பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் அடுப்பை விட்டு எழுந்துவிட்டார்கள். அவன் மட்டும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதான் பாய். இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்” என்றான்.

அந்தச் சத்தத்தில்தான் அவன் பேர் வாங்கினான். அறுவடை இல்லாத மாதங்களில் பூட்டிக் கிடந்த ஒரு நெல் கொட்டகையில், என் குழாயை மூலையில் வைத்து மூன்று பேரும் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் குருவிச் சத்தம்கூடக் கேட்கும். இணையத்தில் போட்டார்கள். ஆறு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு பெங்களூரில் கூப்பிட்டார்கள், பூனாவில் கூப்பிட்டார்கள், வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதினார்கள். கிட்டாரை மூக்கால் அழவைக்க என்ன கருவி வைத்திருக்கிறீர்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் கேட்டபோது, ‘திருத்துறைப்பூண்டி’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சினிமாவில் கூப்பிட்டார்கள். போகவில்லை. நம் வீட்டில் பேசுகிற தமிழில், சினிமா தயவில்லாமல் ஒருத்தன் ராக் பாடலாம், பேரும் எடுக்கலாம் என்று காட்டியவன் அவன். இன்றைக்கு எந்தத் தமிழ் ராக் குழுவைக் கேட்டாலும் அதில் அவன் சாயல் இருக்கிறது. குழாய்ச் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரவழைத்து யாரோ விற்கிறார்களாம். இவ்வளவும் ஆன பிறகும் அவன் ஊரைவிட்டுப் போகவில்லை. ரயிலேறிப் போய்ப் பாடிவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டத் திரும்பி வந்துவிடுவான். அதனால்தான் எனக்கு அவனைப் பிடிக்கும். அதனால்தான் கோபமும்.

அந்தச் சமயத்தில்தான் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஆலடிப்பிடாகைக்குக் கல் நட வந்தார்கள். பூமிக்கடியில் வாயு இருக்கிறது, கிணறு தோண்டப்போகிறோம் என்றார்கள். அளவுக் கல் விழுந்த வயலில் கமலவல்லியின் வயலும் ஒன்று. மடத்து நிலம், குத்தகை. அவள் அப்பா குத்தகையைத் தன் பேரில் பதிவதற்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கித் தேய்ந்தவர். புருஷன் ஒரு கழகத்தில் கிளைச் செயலாளராக இருந்து செத்துப்போனவர், கட்சிக் கொடி போர்த்தித்தான் அவரை எடுத்தார்கள். எந்தக் கழகம் என்று கேட்காதீர்கள். இரண்டு கழகத்துக்கும் நான் செட் போடுகிறவன், எனக்குத் தொழில் நடக்க வேண்டும்.

கல் நட வந்தவர்களைக் கமலவல்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. நட்டுப் பச்சை கட்டியிருந்த பயிருக்குள் இறங்கி நின்ற அதிகாரிகளைப் பார்த்து, வரப்பில் நின்றபடி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நாத்து மிதிபடுது, கல்லை எடுங்க.”

மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்கள் பட்டா எண் சொன்னார்கள், இழப்பீடு சொன்னார்கள். அவள் அதே குரலில், அதே இழுப்பில், “நாத்து மிதிபடுது, கல்லை எடுங்க” என்றாள். நடவுக்குக் குனிந்து குனிந்து பாடிப் பழகிய குரல் அது. வயலின் அந்தக் கோடிக்குக் கேட்கும். சொல்லச் சொல்லப் பக்கத்து வயல் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அதிகாரிகள் அன்றைக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உலகநாதன் எதிர்க்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாளே பாட்டு வந்துவிட்டது. ஒரே கம்பியில் நடை போட்டுக்கொண்டு போகிற கிட்டார், அதன்மேல் அவள் சொன்ன அந்த வரி. வயலைப் பற்றி அவன் எழுதியது நாலு வரி. ஆனால் எல்லாம் சுற்றிச் சுற்றி அவள் வரியில்தான் வந்து விழும்.

கம்பெனி திரும்பி வரக் கூடாது என்று சனங்கள் ஊர் முகப்பில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆலடிப்பிடாகையில் கட்சி இல்லாத வீடு கிடையாது. அப்பன் எந்தக் கழகமோ பிள்ளையும் அதே கழகம். பெண் கொடுத்து எடுப்பதுகூட அதைப் பார்த்துத்தான். அதனால் பந்தல் வாசலில் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். யாராக இருந்தாலும் தோளில் இருக்கிற கட்சித் துண்டை அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இந்தக் கரைத் துண்டும் அந்தக் கரைத் துண்டும் ஒரே கழியில் காற்றில் ஆடிக்கொண்டு கிடக்கும். திரும்பும்போது அவனவன் துண்டை அவனவன் எடுத்துக்கொள்வான். இந்த யோசனையும் கமலவல்லியுடையதுதான்.

செட் நான்தான் போட்டேன், வாடகை கேட்கவில்லை. உலகநாதன் கிட்டார் வாசிப்பான், கமலவல்லி பாடுவாள். பாடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பாடுவாள். “டேய் தம்பி, அந்தக் கம்பிய கொஞ்சம் மெதுவா இழுடா, எனக்கு மூச்சு முட்டுது” என்று மைக்கிலேயே சொல்வாள். சனங்கள் சிரிக்கும். அவனுக்கு அவளிடம் அப்படி ஒரு ஒட்டுதல். அப்பா பேசாத வீட்டுக்குப் போகாமல் பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டான்.

ஒருநாள் போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றியது. எங்கள் பக்கத்தில் கைது செய்தால் கல்யாண மண்டபத்தில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். பிரகதாம்பாள் மண்டபம். மணமேடைக்கு முன்னால் ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் விடுகிறவரைக்கும் அந்தப் பாட்டுத்தான். செட் இல்லை, கரண்ட் இல்லை, கிட்டார்க் கம்பி சத்தம் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்கவில்லை. ஆனால் கமலவல்லியின் குரல் மண்டபத்துக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஒருத்தி லத்தியால் தன் பூட்ஸில் தாளம் போட்டதை நானே பார்த்தேன். யாரோ அதைப் படம்பிடித்துப் போட, தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. கம்பெனி வேலையைத் தள்ளிவைத்தது. உலகநாதன் தன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தான் என்றால் அந்தக் கொஞ்ச காலம்தான்.

பிறகு தேர்தல் வந்தது.

பஞ்சநாதன் என்று அவனுக்கு ஒரு தாய்மாமன். கமலவல்லியின் புருஷன் இருந்த கட்சிக்கு எதிர்க்கட்சியில் ஒன்றியச் செயலாளர். நல்ல மனுஷன்தான், பேச்சில் தேன் ஒழுகும். மருமகனைத் தேடி வந்து அந்த மெட்டைக் கேட்டார். வார்த்தையெல்லாம் அவர்களே போட்டுக்கொள்வார்களாம், மெட்டும் அந்தக் குழாய்ச் சத்தமும் மட்டும் வேண்டுமாம். காசு பேசவில்லை. பேசியிருந்தால் உலகநாதன் விரட்டியிருப்பான். தங்கள் ஆட்சி வந்தால் முதல் கையெழுத்து கிணற்றை நிறுத்துவதற்குத்தான் என்று தலைவரே சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதில் விழுந்துவிட்டான்.

கடைக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவன் முகமெல்லாம் வெளிச்சம். நான் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்தேன். வேண்டாம் என்றேன். எத்தனை தேர்தலுக்குச் செட் கட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு மெட்டு கட்சிப் பாட்டாகிவிட்டால், அதைப் பிறகு மாற்றுக் கட்சிக்காரன் வீட்டுக் காதுகுத்தில்கூடப் போட முடியாது. நல்ல நல்ல பாட்டெல்லாம் அப்படிப் போயிருக்கிறது.

“கொடி கட்டின ஆட்டோல ஏறுன பாட்டு எறங்காதுடா தம்பி” என்றேன். “கமலவல்லிட்ட கேட்டியா?”

“அவங்களுக்காகத்தானே பாய் குடுக்குறேன்.”

“கேட்டியாங்கிறேன்.”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவங்க சொன்னது ஒரு வரி பாய். மெட்டு என்னுது” என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. எந்த நேரத்தில் அந்த வாக்கியம் அவன் வாயில் வந்ததோ. பெங்களூரிலும் பூனாவிலும் கைதட்டியவர்கள் யாராவது அதை அவன் மண்டைக்குள் வைத்து அனுப்பியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

சினிமாப் பாடகர் ஒருவரை வைத்துச் சென்னையில் பதிவு செய்தார்கள். ‘நாத்து மிதிபடுது, கல்லை எடுங்க’ என்பது, ‘நாடு செழிக்கணும், ஓட்டைப் போடுங்க’ என்று ஆனது. வார்த்தை அச்சாகப் பொருந்தியது. தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத முச்சந்தி இல்லை. என் கடையிலிருந்தே ஆட்டோக்கள் குழாய் கட்டிக்கொண்டு கிளம்பின. தொழில், என்ன செய்ய? ஆலடிப்பிடாகைக்குள் முதல் ஆட்டோ நுழைந்தபோது கமலவல்லி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாளாம். தன் பாட்டைப் போட்டுக்கொண்டு யாரோ வருகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே தெருவுக்கு வந்தாளாம். ஆட்டோ கிட்டே வந்ததும் கொடி தெரிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். அவள் சுவரில் புருஷன் எழுதிவைத்த கட்சிச் சின்னம் பெயிண்ட் உதிர்ந்து அப்போதும் இருந்தது.

பந்தலில் அன்று சாயங்காலம் அவள் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். அவள் தெருக்காரர்கள் அடுத்தநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் பஞ்சநாதன் கட்சி ஆட்கள் துண்டைக் கழியில் மாட்டாமல் தோளில் போட்டபடியே பந்தலுக்குள் உட்கார்ந்தார்கள். எங்கள் பாட்டு பாடுகிற பந்தலில் எங்கள் துண்டுக்கு என்ன என்று கேட்டார்கள். எதிர்த்துப் பேச மறுபக்கத்து ஆள் யாரும் அங்கே இல்லை. மூங்கில் கழி வெறுமனே கிடந்தது. ஓட்டு எண்ணுவதற்குள் பந்தல் கீற்றை ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கட்சி ஜெயித்தது. புதிதாக எங்கேயும் கிணறு வராது என்று அறிவித்தார்கள். ஆலடிப்பிடாகைக் கிணற்றுக்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்தாகிவிட்டதால் அது இதில் சேராது என்றார்கள். உலகநாதன் மாமனைத் தேடிப் போனான். அவர் கலெக்டர் ஆபீசில் கேட்கச் சொன்னார்.

கிணறு தோண்டுகிற மிஷின் வந்த அன்று நானும் உலகநாதனும் அங்கே இருந்தோம். பட்டப்பகல். கமலவல்லி வரப்பில் நின்றாள், கூட மூன்று பெண்கள். மஞ்சள் நிற வண்டி வயலுக்குள் இறங்கியது. அவள் அதே இடத்தில் நின்று, அதே குரலில், “நாத்து மிதிபடுது” என்று எடுத்தாள். எடுத்ததுமே வண்டிக்குப் பின்னால் நின்ற கூலிக்காரர்களில் ஒருவன் மீதிப் பாதியைப் பாடிவிட்டான். “ஓட்டைப் போடுங்க” என்றான். வேண்டுமென்று செய்யவில்லை, வாயில் பழகிப்போய் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூட நின்ற பெண்களில் ஒருத்திக்கும் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கமலவல்லி நிறுத்திவிட்டாள். மறுபடி எடுக்கவே இல்லை. அவள் கையில் வேறு ஆயுதம் எதுவும் இருந்ததில்லை. அந்த ஒரு வரிதான் இருந்தது.

உலகநாதன் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அழுதான். எனக்கு அவனைத் தட்டிக்கொடுக்கவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் என் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

அதன் பிறகு அந்தப் பாட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று என்னென்னவோ செய்து பார்த்தான். கட்சிக்காரர்களிடம் போய், இனிமேல் போடாதீர்கள் என்று கேட்டான். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் பழைய வார்த்தைகளோடு பாடினான். முதல் கம்பியைத் தட்டியதுமே பையன்கள் துண்டைச் சுழற்றிக் கட்சி வார்த்தையைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இவன் குரல் எடுபடவே இல்லை. கமலவல்லி வீட்டுக்குப் போனான். அவள் கோபப்படவில்லை. “வாங்க தம்பி” என்றாள், மோர் கொடுத்தாள், அப்பாவைப் பற்றி விசாரித்தாள். ‘டா’ போட்டுக் கூப்பிட்டவள் அவள். அந்த மோரைக் குடிக்க முடியவில்லை பாய் என்று வந்து சொன்னான். அவன் பாடுவது குறைந்தது. புதுப் பாட்டு வரவில்லை. மற்ற இரண்டு பேரும் சென்னைக்கு வேலைக்குப் போனார்கள். சொல்லப்போனால் அந்த வருஷங்களில்தான் அவன் புகழ் ஏறியது. இங்கே நடந்ததைப் பார்க்காதவர்கள் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

போன வருஷம் வைகாசியில் கமலவல்லியின் மகள் சௌந்தரநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் ஒரத்தநாட்டுப் பக்கம், அரசாங்க வேலை. பையனின் அப்பா எந்தக் கட்சி என்று நான் சொல்லவே வேண்டாம். நிலம் போன பிறகு கமலவல்லியால் கட்சி பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உலகநாதனை நேரில் வந்து பாக்கு வைத்து அழைத்தாள். அவன் என் கடைக்கு ஓடிவந்தான். மன்னிச்சுட்டாங்க பாய், மன்னிச்சுட்டாங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சௌந்தரநாயகிக்காக ஒரு புது மெட்டுப் போடப்போவதாகச் சொன்னான். வார்த்தை இல்லாத மெட்டு, யாரும் எடுத்துக்கொண்டுபோக முடியாத மெட்டு. அந்தப் பழைய குழாயைத்தான் கட்ட வேண்டும் என்றான். கட்டினேன்.

பிரகதாம்பாள் மண்டபம்தான். முன்பு ஊரே தரையில் உட்கார்ந்திருந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தது. தாலி கட்டி முடிந்ததும் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தான். அப்படி ஒரு வாசிப்பை அவனிடம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. குழாய் அழவில்லை, பேசியது. சாப்பாட்டுப் பந்திக்குப் போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். கமலவல்லி தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் உதடு லேசாக அசைந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான், அவன் விரலிலேயே அது தெரிந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இன்றைக்கும் அவன் பாடிக்கொண்டிருப்பான்.

மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு ஏறினார். கரைவேட்டி, தோளில் துண்டு, முகம் நிறையச் சந்தோஷம். அவருக்கு எதுவும் தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. நம் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இவர்தான் என்று யாரோ காதில் சொல்லியிருக்கிறார்கள். மைக்கை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பாட்டை அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், இது சம்பந்திகளின் ஆசை என்றார். அவர் பக்கத்து ஆட்கள் விசில் அடித்தார்கள்.

உலகநாதன் கமலவல்லியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பெண்ணைக் கொடுத்தவள் அவள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தன்று கேட்டதை இல்லை என்று சொல்லி, மறுநாள் அந்த வீட்டுக்குப் பெண்ணை எந்த முகத்தோடு அனுப்புவாள்? அவன் பழைய வார்த்தையைப் பாடினால் அது சண்டை. பாட மாட்டேன் என்றால் அதுவும் சண்டை. அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் அருகில் போனாள். மெதுவாகத்தான் சொன்னாள். மைக்கைத் திரும்ப வாங்கப் பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது.

“பாடுங்க தம்பி. எம் பொண்ணு அங்க போயி வாழணும்.”

அவன் பாடினான். கட்சி வார்த்தையை ஒன்று விடாமல் பாடினான். சினிமாப் பாடகர் பாடியதைவிட நன்றாகப் பாடினான், அதுதான் கொடுமை. ‘நாடு செழிக்கணும், ஓட்டைப் போடுங்க’ என்ற இடம் வந்ததும் சம்பந்தி கை தட்டிக்கொண்டே கமலவல்லியைப் பார்த்தார். நீங்களும் சேர்ந்துக்குங்க என்று சைகை காட்டினார். அவள் சிரித்தாள். சேர்ந்துகொண்டாள். அந்தக் குரல் கொஞ்சமும் மாறவில்லை. நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கேட்ட அன்றைக்கு மோதியதுபோலவே கூரையில் மோதித் திரும்பி வந்தது, அந்த வார்த்தைகளோடு.

பாட்டு முடிந்ததும் சம்பந்தி தன் தோளில் இருந்த கட்சித் துண்டை எடுத்து உலகநாதனுக்குப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கமலவல்லி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அவன் மேடையிலிருந்து இறங்கி என் ஆம்ப்ளிஃபயர் இருந்த மூலைக்கு வந்தான். கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான். துண்டு தோளிலேயே கிடந்தது. மண்டபத்து வாசலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“இத எங்க பாய் மாட்டுறது?” என்று கேட்டான்.

நான் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.